சத்தம் வராத டப்பிகள்

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது, வடகிழக்கே பனி பெய்கிற மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறுகிறேன், வழியனுப்ப யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம், பழைய டப்பி பெல்ட் துருப்பிடித்துவிட்டது, புதிதாக ஒன்று செய்து பார்சலில் போட்டால் போதும். இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். தந்தி கொடுப்பவள் மாதிரி வார்த்தையை எண்ணிச் செலவழித்திருக்கிறாய். உன் அம்மா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "வர வாணாம்னா எழுதிகீறா? அப்ப அவ உங்க பொண்ணுதான், சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. தைத்ததை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

பெல்ட் வேலையை அன்றைக்கே தொடங்கிவிட்டேன். முன்னைப் போல டப்பிகள் கிடைப்பதில்லை. பாதி சாமான் பிளாஸ்டிக்கில் வருகிறது. மலையை விட்டு இறங்கி ஒடுகத்தூர்க் கடைத்தெருவில் வீடு எடுத்து உட்கார்ந்த பிறகு எனக்குக் கடைக்காரர்கள் எல்லோரும் பழக்கம்தான், இருந்தாலும் காலி டப்பி கேட்டு நிற்கும் கிழவனைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். தைல டப்பி இரண்டு, மூக்குப்பொடி டப்பி ஒன்று, இருமல் மிட்டாய் வந்த தட்டை டப்பா ஒன்று, ஷூ பாலிஷ் டப்பா ஒன்று சேர்த்தேன். வெந்நீரில் சோடா உப்புப் போட்டு வேகவைத்தும் தைல வாசனை போகவில்லை, உனக்குத் தெரியுமே. விளிம்பை அரத்தால் ராவி, முதுகில் இரண்டு கீறல் போட்டு, சைக்கிள் டியூப் வாரை அதில் நுழைத்தேன். கண் சரியாகத் தெரியாமல் கட்டை விரலைக் கிழித்துக்கொண்டேன். உன் அம்மா மஞ்சள் வைத்துக் கட்டியபடியே திட்டினாள். அந்தத் திட்டு இல்லையென்றால் டப்பி வேலை செய்த மாதிரியே எனக்குத் தோன்றாது.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று நீ கேட்டதில்லை. நீ பிறந்தபோதே நான் மலையில் மலேரியா வேலையில் இருந்தேன். தோளில் பை, பையில் ரத்தம் எடுக்கும் கண்ணாடிச் சில்லு, மாத்திரை, சுவரில் தேதி எழுத சுண்ணாம்பு. ஊருக்கு ஊர் நடைதான். ஒரு ஐப்பசியில் இரண்டு ஓடைக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் வெள்ளம், பின்னாலும் வெள்ளம். சட்டைப் பையில் இருந்த தீப்பெட்டி கூழாகிவிட்டது. காலில் கல் கிழித்து ரத்தம் வந்தது, கட்டத் துணியில்லை. தண்ணீர் வடிகிற வரைக்கும் ஒரு பாறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்துவிடுவோம் என்று தோன்றியதை விட, இவ்வளவு படித்தும் ஒரு காய்ந்த தீக்குச்சி கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவின் தைல டப்பியைக் காலி செய்தேன். தலைவலியில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்து, "தைலத்த எங்க வழிச்சி ஊத்துனீங்க?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு அது வளர்ந்துகொண்டே போனது. தீக்குச்சித் தலைகளை உருக்கிய மெழுகில் தோய்த்து ஒரு டப்பியில் அடுக்கினேன். பாதி பிளேடு, ஊசி நூல், பர்மாங்கனேட் படிகம், மெழுகுவர்த்தித் துண்டு, வெல்லம், உப்பு. பாலிஷ் டப்பாவின் மூடியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன், வெயிலில் காட்டினால் எதிர் மலைக்காரனுக்குக் கண் கூசும். எல்லாவற்றையும் காக்கி வாரில் கோர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டால் சட்டைக்கு அடியில் இருப்பதே தெரியாது. நடக்கும்போது கலகலவென்று சத்தம் வந்தது. அதற்கும் வழி கண்டேன். ஒவ்வொரு டப்பிக்குள்ளும் பழைய ஃபிளானல் துணியை வெட்டி மெத்தை வைத்தேன். ஓடினாலும் குதித்தாலும் ஒரு சத்தம் வராது. அதில்தான் எனக்குப் பெருமை.

எனக்கு ஒன்று செய்ததோடு நிறுத்தியிருக்கலாம். உனக்கு எட்டு வயது ஆனபோது உன் இடுப்புக்கும் ஒன்று செய்தேன். அந்த வருஷம் அம்மா உனக்குக் கொலுசு போட ஆசைப்பட்டாள். "கொலுசு போட்டா புள்ள எங்க கீறான்னு சத்தத்துலயே தெரியும். ஊர்ல அவனவன் பொண்ணுக்கு வெள்ளி வாங்கிப் போடறான், நீங்க தகரத்தக் கட்டி வுடறீங்க" என்றாள். காட்டில் சந்தனக் கட்டை வெட்டுகிறவர்கள் திரிந்த காலம் அது. கொலுசுச் சத்தம் கெட்டவனை அழைத்துவரும் என்று நான் சட்டம் பேசினேன். அத்தோடு விட்டேனா? உன்னை முன்னால் நிறுத்தி வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தேன். வழி தவறினால் நடக்காதே. உட்கார். டப்பியைத் திற. அழாதே, கத்தாதே. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே. உன் பேரைச் சொல்லி நைனாவோ அம்மாவோ கூப்பிட்டால் மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். நீ ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாய். நான் உனக்கு வெல்லம் கொடுத்தேன்.

அந்தக் கார்த்திகையில் நடந்தது உனக்கு என்னை விட நன்றாகத் தெரியும். ஆனால் நீ இருந்த பக்கத்திலிருந்து மட்டும்தான் உனக்குத் தெரியும். நாங்கள் இருந்த பக்கத்தை நான் சொன்னதே இல்லை. காலையில் நீ பிள்ளைகளோடு நெல்லிக்காய் பொறுக்கப் போனாய். பனி இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. மற்ற பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், நீ வரவில்லை. ஊர் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். முன்னால் போனவர் சின்னாண்டி. நம் வீட்டுக்குப் பக்கத்துச் சாமை வயலுக்குச் சொந்தக்காரர், உனக்கு மாமா. நீ மாமா தோளில் உட்கார்ந்து புளியம்பழம் உலுக்கினது எல்லாம் உனக்கு நினைவிருக்கும்.

பனியில் மலைக்காரர்கள் எப்படித் தேடுவார்கள் என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். யாரும் ஓடவில்லை. ஒருவர் நின்று "கூ" என்று குரல் கொடுப்பார். காதில் விழுந்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குள் ஆகாத வீடாக இருந்தாலும் சரி, கொடுத்தே தீர வேண்டும். அப்படிக் குரலைக் கையில் பிடித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் தூரம் விட்டு நகர்ந்தார்கள். நான் உன் பேரைச் சொல்லிக் கத்த வாயெடுத்தேன். சின்னாண்டி என் கையைப் பிடித்தார். "பேரு சொல்லாதீங்க சார். காட்டுக்குப் பேரு தெரிஞ்சிட்டா அது வுடாது. சும்மா கூ குடுங்க, புள்ள கேட்டா வரும்."

நான் யார்? காய்ச்சல் பேயால் வருவதில்லை, கொசுவால் வருகிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவன். கோழி அறுத்துக் கழிப்புக் கழித்த வீடுகளில் உட்கார்ந்து மணிக்கணக்காக வாதம் செய்தவன். வேறு எந்த நாளாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அன்றைக்கு என் பிள்ளை காட்டுக்குள் இருந்தாள். ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது பார், அத்தோடு என் படிப்பெல்லாம் போயிற்று. உன் பேர் தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் எனக்கு மறந்துவிட்டது என்று நினைக்காதே. நினைவு வந்தது. பேர் சொன்னால்தானே இவள் வாயைத் திறப்பாள் என்று நடந்துகொண்டே நினைத்தேன். நினைத்துக்கொண்டே கூ கொடுத்தேன். பனியில் எல்லா ஆண் குரலும் ஒன்றுதான். உன் நைனாவின் கூவை நீ எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாய்?

நீயோ நாங்கள் நினைத்ததை விடக் கிட்டத்தில் இருந்தாய். பாறை இடுக்கில் உட்கார்ந்து, வெல்லத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு, டப்பியை மடியில் வைத்துக்கொண்டு. நாங்கள் கூப்பிட்டது எல்லாமே கேட்டது என்று பிறகு சொன்னாய். அந்தப் பாறைக்குக் கீழேதான் ஈரப் பாசியில் சின்னாண்டி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கல் உருண்டதும் ஒரு ஆள் "அய்யோ" என்று அலறியதும் உனக்குக் கேட்டிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறாய்.

பிற்பகலில் பனி விலகியது. வெயில் விழுந்ததும் நீ மூடியைக் காட்டினாய். எதிர்ச் சரிவில் ஆடு தேடிக்கொண்டிருந்தவர் மினுக்கலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கியபோது சின்னாண்டியைக் கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் உன்னைப் பார்த்ததும், "புள்ள கெடைச்சிதில்ல, போதும் சார்" என்றார். அன்று சாயங்காலம் அம்மா உன் தலையைத் துவட்டும்போது நீ என்னைக் கேட்டாய். "ஏன் நைனா எம் பேரச் சொல்லிக் கூப்புடல?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "நீ மூடியைக் காட்டினியே, அதான் புத்தி. என் பொண்ணு சிங்கம்" என்றேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. நீ மறுபடியும் கேட்கவில்லை.

அத்தோடும் விடவில்லை. திருப்பத்தூரில் ஆபீஸ் கூட்டத்துக்கு உன்னைப் பாவாடை சட்டை போட்டு அழைத்துப்போனேன். மேஜை மேல் உன்னை நிற்க வைத்து ஒவ்வொரு டப்பியாகத் திறந்து காட்டச் சொன்னேன். பெரிய அதிகாரி உன் கன்னத்தைக் கிள்ளினார். மலைக்குப் போகும் எல்லா ஊழியரும் இது மாதிரி செய்துகொள்ள வேண்டும் என்றார். நான் பேசினேன், தீக்குச்சியைப் பற்றி, மூடியைப் பற்றி, சத்தம் வராத மெத்தையைப் பற்றி. சின்னாண்டியின் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுவில் நீ சொன்னாய், "அவங்க கூப்ட்டது எனக்குக் கேட்டுச்சி. நான்தான் பேசல." எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். உன் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த டப்பியைத் திறக்கச் சொன்னேன்.

அந்தக் கால் சரியாகக் கூடவில்லை. சின்னாண்டி அன்றிலிருந்து கோல் ஊன்றித்தான் நடக்கிறார். சந்தைக்குச் சாமை கொண்டுவரும்போதெல்லாம் நம் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். அவர் குரல் கேட்டதும் நீ உள்ளே போய்விடுவாய். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மலைக்கு ஏறலாமா என்று கேட்டால் தலைவலி என்பாய். அம்மா, "படிச்ச பொண்ணு, அவங்களோட இன்னா பேச்சுன்னு நெனைக்கிறா" என்று கோபித்துக்கொண்டாள். எனக்குத் தெரியும் அது இல்லை என்று. தெரிந்தும் சும்மா இருந்தேன், பேசத் தொடங்கினால் அந்தப் பழைய கேள்விக்குப் போய் நிற்குமே என்று பயம்.

போன வருஷம் டைபாய்டு வந்து ஹாஸ்டல் அறையில் தனியாகக் கிடந்தாய். பக்கத்து அறைப் பெண் கதவை உடைக்கச் சொல்லி ஆள் கூப்பிட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. சுற்றிலும் நர்சுகள் இருக்கிற கட்டிடத்தில் ஒருத்தரைக் கூட நீ கூப்பிடவில்லை. உப்பும் வெல்லமும் கரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாய். நான் ஓடிவந்து, ஏன் கண்ணு சொல்லவில்லை என்று கேட்டபோது, "யாரக் கூப்புடறது நைனா, சமாளிச்சிட்டேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் சிரிப்பு. அந்த வார்த்தையும் என் வார்த்தை. பஸ்ஸில் திரும்பி வரும்போது கணியம்பாடி தாண்டுகிற வரைக்கும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போது நீ போகிற இடத்தில் நம் மலையை விடப் பெரிய மலை. பனி என்றால் நம்முடையது போல மதியத்துக்குள் விலகுகிற பனி இல்லையாம். அங்கே நீ தனியாக எங்காவது உட்கார்ந்து, ஜனங்கள் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே, சமாளித்துக்கொண்டே இருப்பாயோ என்ற நினைப்பு எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதனால் போன வாரம் கோல் ஊன்றி நடக்கிற மனிதரைப் பார்க்க மூச்சு வாங்க மலை ஏறினேன். உனக்கு நான் சொல்லிக் கொடுத்த சட்டத்தைச் சின்னாண்டியிடம் சொன்னேன். இத்தனை வருஷமாக அவருக்கு அது தெரியாது. நீ பயத்தில் வாயடைத்துப் போயிருந்தாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். கையிலிருந்த பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"பேரு சொல்லாதன்னு சொன்னது நானு. பேரு சொன்னாத்தான் பேசணும்னு சொன்னது நீங்க. நடுவுல பாப்பா இன்னா பண்ணும் சார்?"

பிறகு கேட்டார், "அதுக்காவா பாப்பா என்னப் பாத்தா உள்ள போவுது?" நான் தலையாட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அடப்பாவமே, நான் சந்தைக்கு வர்றதே அதப் பாக்கலாம்னுதான சார்" என்றார். நான் கிளம்பும்போது, அந்த ஊரிலும் ஆட்கள் கூ கொடுப்பார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். "குடுத்தா, பாப்பாவத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. யாரா இருந்தா இன்னா, குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

கண்ணு, அந்தக் கால் உன்னால் போனது இல்லை. இதை நான் அன்று சாயங்காலமே, உன் தலை ஈரம் காய்வதற்குள் சொல்லியிருக்க வேண்டும். நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நான் பயந்துவிட்டேன். அதனால்தான் உன் பேரைச் சொல்லவில்லை. பயந்தேன் என்று பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட்டு உன்னைச் சிங்கம் ஆக்கிவிட்டேன். நீயும் பாவம், இத்தனை வருஷம் சிங்கமாகவே இருந்துவிட்டாய்.

பெல்ட் தயார். மெழுகு தோய்த்த குச்சி, ஊசி நூல், வெல்லம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. மூடியைப் புளி போட்டுத் தேய்த்தது உன் அம்மா. இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். முன்னால் இருக்கிற தைல டப்பியில், கை முதலில் போகிற இடத்தில், ஒரு விசில் வைத்திருக்கிறேன். கண்டக்டர் ஊதுகிற பித்தளை விசில், நல்ல சத்தம். ஊதிப் பார்த்ததில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். இன்னொன்று, எந்த டப்பியிலும் மெத்தை வைக்கவில்லை. நடந்தால் கலகலக்கும். அம்மா அதைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "இப்பவாச்சும் கொலுசு போட்டீங்களே" என்றாள்.

பார்சலில் அனுப்பப் போவதில்லை. வெள்ளிக்கிழமை நானே காட்பாடிக்குக் கொண்டுவருகிறேன். நீ வர வேண்டாம் என்றது ஞாபகம் இருக்கிறது. அம்மாவும் வருகிறாள். சின்னாண்டியும் வருகிறார், ரயிலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்று சாக்குச் சொல்கிறார், நம்பாதே. உன் பெட்டி எது என்று நீ எழுதவில்லை, நான் தேடவும் போவதில்லை. பிளாட்பாரத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, கூட்டம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தப் போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். ஜன்னலில் கையை மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதே. வாயைத் திறந்து பதில் கொடு.

அன்றைக்குக் கூப்பிட வேண்டியதை இங்கேயே ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

அமுதா. ஏ அமுதா. நைனா கூப்புடறேன்மா.